கணினித் தட்டைத் துடைத்துப் புதுக்குதல்

திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சிறுவன் மணலில் விரலால் எழுதுவான். உள்ளங்கையால் ஒருமுறை தடவுவான். எழுதியது இருந்த இடந் தெரியாமற் போம். ஏட்டெழுத்தோ அத்தன்மைத்தன்று. எழுத்தாணியாற் கீறிய பனையோலையினின்று மையைத் துடைத்துவிடினும் கீறல் நிற்கும். மீண்டும் கரியும் எண்ணெயும் பூசின், மறைந்த வரி முன்போலத் தெளிவுறத் தோன்றும். பழஞ்சுவடி படிப்பார் இம்முறையை நன்கறிவர். நம் மேசைமேலிருக்கும் கணினியில் நாம் எழுதுவனவும் அழிப்பனவும் இவ்விரண்டனுள் எதனைச் சார்ந்தன? அழிக்கும்போது மணலெழுத்தென்றும், காக்கும்போது ஏட்டெழுத்தென்றும் நம்மிற் பலர் கருதுகின்றனர். உண்மை பலவிடத்து இதற்கு மாறாக உள்ளது. அழிந்ததென்று நாம் நம்பியது அழியாதிருக்கின்றது. இருக்குமென்று நம்பியது இல்லாதொழிகின்றது. இவ்விரு பிழையையும் யான் ஓராண்டினுட் கண்டேன். ஆதலின் அவற்றை விளக்கி, கணினியின் வன்தட்டைத் துடைத்து இயங்குதளத்தைப் புதிதாய் நிறுவும் முறையை நம் கல்லூரித் தோழர்க்குக் கூறத் துணிந்தேன்.

தட்டின் இயல்பு

1956-ஆம் ஆண்டில் ஐ. பி. எம். நிறுவனத்தார் முதல் வன்தட்டை வெளியிட்டனர். அதனுள் 24 அங்குல விட்டமுள்ள தகடுகள் ஐம்பது இருந்தன; அவையனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ ஐம்பது இலட்சம் எழுத்துக்களையே கொண்டன. இன்று உள்ளங்கையில் அடங்கும் தட்டு அதனினும் இலட்சம் மடங்கு கொள்கின்றது. அளவு மாறினும் முறை மாறவில்லை. காந்தப் பூச்சுடைய தகடு நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும். அதன்மேல் மிக நெருங்கி நிற்கும் சிறு முனை, நுண்ணிடந்தோறும் காந்தத்தின் திசையை மாற்றி எழுதும். ஒன்று, சுழியம் என்னும் ஈரெண்ணே அதற்கு நெடுங்கணக்கு.

இங்ஙனம் எழுதப்பட்ட கோப்பு எங்குளது என்பதைக் காட்டத் தட்டில் ஓர் அட்டவணையுமுண்டு. நாம் ஒரு கோப்பை அழிக்கும்போது இயங்குதளம் அட்டவணையை மட்டுமே திருத்துகின்றது. பழைய ஃபேட் என்னும் அமைப்பில், கோப்புப் பெயரின் முதலெழுத்திருந்த இடத்தில் ஒரு குறியை இட்டு, அக்கோப்பு இருந்த இடம் காலியாயிற்றென்று பதிந்துகொள்ளும், அவ்வளவே. நூலகத்தில் நூற்பெயர் எழுதிய சீட்டைக் கிழித்தெறிந்தாலும் நூல் அலமாரியிலேயே இருப்பதுபோல, கோப்பின் உள்ளீடு தட்டில் அப்படியே கிடக்கும். வேறொரு கோப்பு அவ்விடத்தில் எழுதப்படுங்காறும் அதனை மீட்கலாம். குப்பைத்தொட்டியைக் காலிசெய்தலும் இத்தன்மைத்தே. விரைவு முறையில் பார்மட் செய்தலோ புதிய வெற்றட்டவணை ஒன்றை எழுதிவைப்பதேயாகும்.

இதனை ஒரு சிறு கணக்காலும் அறியலாம். நொடிக்கு 100 மெகாபைட்டு எழுதவல்ல 500 ஜிகாபைட்டுத் தட்டை முழுதும் எழுதி நிரப்ப 5,000 நொடி, அஃதாவது ஒரு மணி இருபத்துமூன்று நிமிடம் ஆகும். விரைவு முறைப் பார்மட் சில நொடிகளில் முடிகின்றது. அச்சில நொடியில் முழுத் தட்டும் துடைக்கப்பட்டதென்று எங்ஙனம் நம்புவது?

துறைக் கணினிகளிற் கண்டது

எம் துறையிலிருந்த பழைய கணினிகள் சிலவற்றைச் சிற்றூர்ப் பள்ளியொன்றிற்கு அன்பளிப்பாகக் கொடுக்க ஆசிரியர் முடிவுசெய்தனர். அவற்றிலிருந்த விண்டோஸ் 10 இயங்குதளத்திற்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டும் பாதுகாப்புச் சில்லு அப்பழம்பொறிகளில் இல்லை. எனவே அவற்றைத் துடைத்து லினக்ஸ் நிறுவும் பணி என்னிடம் வந்தது. ‘கோப்புக்களையெல்லாம் முன்னரே அழித்து, பார்மட்டும் செய்தாயிற்று, நீர் நிறுவினாற் போதும்’ என்றே கூறப்பட்டது.

யான் ஐயுற்று, ஆசிரியர் முன்னிலையில் அவர் இசைவோடு ஃபோட்டோரெக் என்னும் இலவச மீட்பு நிரலை ஒரு கணினியில் ஓட்டினேன். அந்நிரல் அட்டவணையை நாடாது, தட்டின் உள்ளீட்டையே நேராகப் படித்து, இன்ன வகைக் கோப்பு என்பதை அதன் தொடக்கக் குறியாற் கண்டெடுப்பது. சற்று நேரத்தில் கோப்புக்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வந்தன: மதிப்பெண் பட்டியல்கள், புகைப்படங்கள், கடிதங்கள். ஒன்றைத் திறந்தோம். கல்விக் கட்டணத்தைத் தள்ளித்தர வேண்டி மாணவர் ஒருவர் எழுதிய விண்ணப்பம் அது. தந்தையின் நோயும் வீட்டின் கடனும் முதல் இரு வரியிலேயே இருந்தன. ஆசிரியர் கைநீட்டித் திரையை மூடிவிட்டார். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. அவ்விண்ணப்பம் ஒருவர் நம்மை நம்பிக் கூறிய மறைபொருள். அது நம் ஏமாப்பின்மையால் முன்பின் அறியாதார் மேசைக்குச் செல்ல இருந்தது.

இஃது எங்கோ ஓரிடத்து நிகழ்வதன்று. அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அன்று ஆராய்ச்சி மாணவராயிருந்த கார்ஃபிங்கெல், ஷெலாட் என்னும் இருவர், பிறர் பயன்படுத்தி விற்ற வன்தட்டுக்கள் 158-ஐ விலைக்கு வாங்கி ஆராய்ந்து, தம் முடிவை 2003-இல் வெளியிட்டனர். படிக்க முடிந்தவை 129. அவற்றுள் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை பன்னிரண்டே. ஏனையவற்றுட் சிலவற்றில் கடன் அட்டை எண்களும் மருத்துவக் குறிப்புக்களும் இருந்தன. ஒன்று வங்கியின் பணம் வழங்கும் பொறியிலிருந்து வந்ததாகத் தோன்றியது. அவற்றை விற்றவர் பலரும் தாம் அழித்துவிட்டதாகவே எண்ணியிருந்தனர். நம் நாட்டிலும் 2023-இல் நிறைவேறிய எண்முறைத் தனித்தகவல் பாதுகாப்புச் சட்டம், ஒருவருடைய செய்தியைப் பெற்ற நோக்கம் நிறைவேறியபின், பிற சட்டங்கள் வைத்திருக்கச் சொன்னாலன்றி, அதனை அழித்தல் கடமையென்கின்றது. சட்டம் கூறாவிடினும் அது நம் கடமையே.

முதற்பணி: படியெடுத்தல்

நிற்க. அழிக்கும் முறையைக் கூறுமுன் காக்கும் முறையைக் கூறல் வேண்டும். என்னை? துடைத்தபின் வருந்துவது பயனின்று. இவ்விடத்து என் பிழையைச் சொல்லாதிருத்தல் நேர்மையன்று.

சென்ற ஆண்டில் என் மடிக்கணினியை வைரஸ் பற்றிக்கொண்டது. இயங்குதளத்தைப் புதிதாக நிறுவ விரைந்தேன். ‘சி’ என்னும் பகுதியில் உள்ளவையே அழியும், ‘டி’ என்னும் பகுதியில் வைத்தவை பிழைக்கும் என்று பலர் கூறக் கேட்டிருந்தேன். என் ஆச்சி பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் நாட்டுப்பாடல் பாடத்திற்காக யான் பதிவுசெய்தவை. அவை ‘டி’யில் இருந்தன. நிறுவும்போது ‘தட்டு முழுவதையும் பயன்படுத்துக’ என்னும் தெரிவை அழுத்தினேன். சியும் டியும் இரு தட்டுக்களல்ல. ஒரே வீட்டைச் சுவரால் தடுத்த இரண்டு அறைகள். வீட்டை இடிக்கச் சொன்னவனுக்கு ஓர் அறை மட்டும் எஞ்சுமோ? மீட்பு நிரல்களை ஓட்டியும் பயனில்லை. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவேன். ஆச்சி அதற்கு ஆறு திங்கள் முன்னரே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். பாடல்களின் சொற்கள் சில என் குறிப்பேட்டில் உள, குரல் இல்லை.

பனையோலை சில நூற்றாண்டுகளில் இற்றுப்போம் என்றறிந்த நம் முன்னோர், பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதினர். அங்ஙனம் எழுதுவார் இல்லாத நூல்கள் இறந்தன. உ. வே. சாமிநாதையரவர்கள் ஊரூராய்த் தேடி அலைந்ததும் ஒரே படியை நம்பாமைக்கன்றோ? அவர்கள் ஒரு நூலுக்குப் பல படிகளை நாடினார்கள். நாமும் அங்ஙனமே செய்தல் வேண்டும். அறிந்தோர் கூறும் விதி, மூன்று படி, இருவகைப் பொருள், ஒன்று அயலிடத்தில் என்பது. அஃதாவது, மூலத்தோடு மூன்று படிகள் இருத்தல். அவை புறவன்தட்டு, பென்டிரைவ் எனப் பொருளால் வேறுபடுதல். அவற்றுள் ஒன்று வேறோரிடத்தில் அல்லது இணையச் சேமிப்பகத்தில் இருத்தல்.

படியெடுப்பார் மறப்பன சில உள. முதலாவது, இணைய உலாவியில் சேமித்த கடவுச்சொற்களும் பக்கக் குறிகளும். இரண்டாவது, தட்டு பிட்லாக்கர் முறையிற் பூட்டப்பட்டிருப்பின் அதற்குரிய 48 இலக்க மீட்புத் திறவு. மூன்றாவது, தமிழ் மாணவர்க்கே உரியது: எழுத்துருக்கள். ஒருங்குறி பரவுமுன் பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டெழுதிய கட்டுரைகள் நம் துறைகளில் இன்றும் பல. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கட்டுரை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாய்த் தோன்றும். ஆகவே எழுத்துருக் கோப்பையும் உடன் காக்க. இயலுமேல் கட்டுரையையே ஒருங்குறிக்கு மாற்றிவைக்க.

படியெடுத்த பின்னர்ப் பிறிதொரு கணினியில் அதனைத் திறந்து பார்த்தல் இன்றியமையாதது. திறந்து பாராத படி படியன்று. அது வெறும் நம்பிக்கை.

இரண்டாம் பணி: துடைத்தல்

கணினி நம் கையிலேயே இருக்குமாயின், இயங்குதளத்தைப் புதுக்க விரைவு முறைப் பார்மட்டே போதும். பிறர் கைக்குச் செல்வதாயின் முழுதும் துடைத்தல் வேண்டும்.

சுழலும் வன்தட்டைத் துடைக்கும் வழி, அதன் ஒவ்வோரிடத்தும் சுழியங்களையோ பொருளற்ற எண்களையோ எழுதி நிரப்புதலாகும். 2007-இல் பொதுமக்களுக்குக் கிடைத்த விண்டோஸ் விஸ்டா முதலாக, முழு முறைப் பார்மட் தட்டெங்கும் சுழியங்களை எழுதுகின்றது. அதற்கு முந்திய எக்ஸ்பியில் முழு முறையும் பழுதுள்ள இடங்களைத் தேடிப் பார்த்ததேயன்றித் துடைக்கவில்லை. லினக்ஸில் ஷிரெட் என்னும் நிரல் இப்பணியைச் செய்கின்றது.

எத்தனை முறை எழுதவேண்டும்? 1996-இல் பீட்டர் கட்மன் என்னும் அறிஞர், அக்காலத்துத் தட்டுவகைகள் அனைத்தையும் உட்கொண்டு முப்பத்தைந்து முறை எழுதும் திட்டமொன்றை வகுத்தார். பலர் அதனை எத்தட்டிற்கும் உரிய மந்திரமாகப் பற்றிக்கொண்டனர். புதிய தட்டுக்களுக்கு அத்தனையும் வேண்டா என்று அவரே பின்னர் எழுதினார். அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனம் 2006-இல் வெளியிட்டுப் பின்னர்த் திருத்திய நெறிமுறை, துடைத்தல், முற்றக் களைதல், சிதைத்தல் என மூன்று படிநிலைகளை வகுக்கின்றது. நம்மனோர் தேவைக்குக் காந்தத் தட்டில் முழுதும் ஒருமுறை எழுதி, எழுதியதைச் சரிபார்த்தலே போதும்.

இனி, மடிக்கணினிகளில் இந்நாளில் உள்ள எஸ். எஸ். டி. என்னும் சேமிப்பகத்தின் இயல்பு வேறு. அதில் சுழலும் தகடில்லை. மின்னேற்றத்தைப் பிடித்துவைக்கும் சில்லுகளே உள. ஒரே இடத்தில் பலமுறை எழுதின் அவ்விடம் தேயுமாதலால், அதனுள்ளிருக்கும் கட்டுப்படுத்தி எழுத்தை இடம் மாற்றி மாற்றிப் பங்கிடும். ஆகவே நாம் மேலெழுத முயலினும் பழைய படியொன்று மறைவிடத்தில் எஞ்சுதல் கூடும். மற்றொருபுறம், டிரிம் என்னும் கட்டளையால், அழித்த கோப்பின் இடங்களை இயங்குதளம் அறிவித்தவுடன் கட்டுப்படுத்தி அவற்றைக் காலியாக்கத் தொடங்கும். என் ஆச்சியின் பாடல்கள் மீளாமைக்குக் காரணம் இதுவே. துறையின் பழந்தட்டில் மறைய வேண்டியது நின்றது. என் புதிய சேமிப்பகத்தில் நிற்கவேண்டியது மறைந்தது. பொறி இரண்டிடத்தும் தன் இயல்பின்படியே நடந்தது, அறியாமை என்னுடையது.

எஸ். எஸ். டி.யைத் துடைக்க, அதனை ஆக்கியோர் தரும் பாதுகாப்பு அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்துக. வாங்கிய நாள்முதலே முழுச் சேமிப்பகத்தையும் மறைக்குறியாக்கம் செய்துவைத்தல் அதனினும் நன்று. திறவை அழித்தால் உள்ளிருப்பது எவர்க்கும் பொருள்படாத குறிகளாய்விடும்.

மூன்றாம் பணி: நிறுவுதல்

நிறுவுதல் மூன்று பணியிலும் எளிது. யாம் செய்த முறையைக் கூறுகின்றேன்.

1. உபுண்டு என்னும் லினக்ஸ் வகையின் நெடுநாள் ஆதரவுப் பதிப்பை அதன் உரிய தளத்திலிருந்தே இறக்கினோம். இப்பதிப்பு ஈராண்டிற்கொருமுறை ஏப்ரலில் வெளிவருவது. ஐந்தாண்டுக் காலம் திருத்தங்கள் இலவசமாகக் கிடைக்கும்.

2. இறக்கிய கோப்பு வழியிற் சிதையவில்லை என்பதை அறிய, அதன் சரிபார்ப்பெண்ணைக் கணித்துத் தளத்தில் வெளியிட்ட எண்ணோடு ஒப்பிட்டோம். ஓரெழுத்து வேறுபடினும் கோப்பை ஏற்கலாகாது. பாடவேறுபாடு பார்த்துப் பழகிய தமிழ் மாணவர்க்கு இது கடினமன்று.

3. ரூஃபஸ் என்னும் நிரலால் அதனைப் பென்டிரைவில் எழுதினோம். பென்டிரைவில் முன்னிருந்தவை இதனால் அழியுமென்பதை நினைவிற் கொள்க.

4. கணினியை இயக்கியவுடன் அவ்வப்பொறிக்குரிய விசையை, எஃப் 2, எஃப் 12, டெலீட் என்பவற்றுள் ஒன்றை, அழுத்திப் பென்டிரைவிலிருந்து தொடங்கச் செய்தோம். நிறுவுமுன் சோதித்துப் பார்க்கும் தெரிவு உபுண்டுவில் உண்டு. அதனைக்கொண்டு ஒலி, இணையம், அச்சுப்பொறி ஆகியவை இயங்குதலைக் கண்டோம். துடைத்தலையும் அந்நிலையிலிருந்தே ஷிரெட் நிரலால் முடித்தோம்.

5. ‘தட்டை அழித்து நிறுவுக’ என்னும் தெரிவு வந்தபோது கையை எடுத்துவிட்டு, தட்டின் பெயரையும் அளவையும் இருவர் உரக்கப் படித்தோம். புறவன்தட்டு செருகியிருப்பின் அதுவே தவறுதலாக அழிய இடமுண்டு. ஆதலின் வேண்டாதவற்றை முன்னரே கழற்றிவைத்தோம்.

6. நிறுவி முடிந்தபின், முதலில் திருத்தங்களை இறக்கினோம். பின்னர் 1999-ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டையொட்டி வகுக்கப்பட்ட தமிழ் 99 விசைப்பலகையை அமைத்தோம்.

விண்டோஸையே மீண்டும் வேண்டுவோர்க்கு, 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதலாக அமைப்புப் பகுதியிலேயே மீட்டமைக்கும் வசதியுளது. ‘என் கோப்புக்களை வைத்துக்கொள்க’, ‘யாவற்றையும் நீக்குக’ என்னும் இரு தெரிவுகளுள் எதனை அழுத்துகின்றோம் என்பதை மட்டும் அமைதியாகப் படித்தல் வேண்டும். பிறர்க்குக் கொடுப்பதாயின் தட்டைத் துடைக்கும் தெரிவையும் உடன் கொள்க.

வெற்றுவீட்டின் காவல்

துடைத்துப் புதுக்கியதோடு பணி முடிந்ததென்று எண்ணற்க. மத்தேயு சுவிசேஷத்தில் நம் ஆண்டவர் கூறிய உவமையொன்றில், பெருக்கி ஒழுங்குசெய்து வெறுமையாய் விட்ட வீட்டிற்கு, துரத்தப்பட்ட ஆவி தன்னினும் பொல்லாத ஏழை உடனழைத்துக்கொண்டு திரும்பி வருகின்றது. புதிதாய் நிறுவிய கணினியும் அத்தகைய வீடே. பழைய படியில் மறைந்திருந்த வைரஸ் கோப்பை ஆராயாது மீளப் பெய்தால், வெளியேற்றியதை நாமே வரவேற்றதாகும். ஆகவே கட்டுரை, படம், பாடல் முதலியவற்றை மட்டும் சோதித்து மீளப் பெய்க. நிரல்களைப் பழைய படியிலிருந்து எடாது, உரிய தளத்திலிருந்து புதிதாகவே நிறுவுக. விலைகொடுக்க இயலாதென்று திருட்டு நிரலை நாடற்க. இலவசமாய்க் கிடைப்பனவற்றுள் நேர்மையானவை பல உள.

முடிவுரை

துறைக் கணினிகள் ஒவ்வொன்றும் ஒரு மாலைப்பொழுதைக் கொண்டன. திரையில் நூற்றுவீதம் மெல்ல ஏறுவதைப் பார்த்திருப்பதன்றி வேறு வேலையில்லை. துடைத்து முடிந்ததும் மீட்பு நிரலை மீண்டும் ஓட்டினோம்; எழுந்து வர ஒன்றுமில்லை. அவ்விண்ணப்பத்தை எழுதியவர் யாரென்பது எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பேன். தம் வீட்டுத் துன்பம் ஒருநாள் திரையில் எழுந்ததும், எழுந்தவாறே மறைந்ததும் அவர் அறியார். அவர் அறியாதிருத்தலே எம் பணியின் பயன். இன்று அக்கணினிகளின் முன் சிற்றூர்ப் பிள்ளைகள் அமர்ந்து தமிழ் 99 பலகையில் அகரம் பழகுகின்றனர்.

தோழர்காள், உங்கள் கணினியைத் துடைக்குமுன் இரு வினாக்களை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இதில் நான் இழக்கலாகாதது யாது? இதில் பிறர் காணலாகாதது யாது? முன்னதற்குப் படியெடுங்கள், பின்னதை முற்றத் துடையுங்கள். வீட்டில் வயதுமுதிர்ந்தோர் பாடுவாராயின், இவ்விடுமுறையிலேயே பதிவுசெய்து மூன்றிடத்தில் வையுங்கள். யான் செய்யாதொழிந்தது அது.